எகிப்திய மன்னர்களின் கற்சிலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரமிடுகளுக்கு அடுத்தபடியாக எகிப்தைப் பற்றி அதிகம் கேட்கப்படுவது அதன் அரச சிலைகளைப் பற்றித்தான். எந்தக் கல், எப்படிச் செதுக்கினார்கள், யாருடைய சிலை என்று எப்படிச் சொல்கிறார்கள், மூக்கு ஏன் இல்லை என்பவை திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். இவற்றில் பலவற்றுக்கு விடை சிலையின் முகத்தில் இல்லை. கல்லிலும், முதுகுப்புறத்தில் வெட்டிய எழுத்திலும் இருக்கிறது.

எல்லாச் சிலைகளும் ஏன் ஒரே மாதிரி விறைப்பாக நிற்கின்றன? அசைவு காட்டத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். அதே காலத்து மரச்சிலைகளைப் பாருங்கள்: கை உடலை விட்டு விலகியிருக்கும், கையில் தனியாகச் செய்த கோல் இருக்கும், கால்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். கல்லுக்கு வரும்போது அதே கைவினைஞர்கள் கையை உடலோடு ஒட்டவைத்து, இடைவெளியில் கல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீட்டிய கல் கை ஒடியும். ஒடிந்தால் சிலையின் வேலை கெடும்.

அந்த வேலை என்ன என்பதுதான் முக்கியம். சிலை, மன்னரின் 'கா' என்ற உயிராற்றல் வந்து தங்கிப் படையலைப் பெற்றுக்கொள்ளும் இடம். சக்காராவில் மன்னர் ஜோசரின் சுண்ணாம்புக்கல் சிலையை (கி.மு. 27ஆம் நூற்றாண்டு, 142 செ.மீ.) நான்கு பக்கமும் அடைத்த ஒரு சிறு அறைக்குள் வைத்திருந்தார்கள். யாரும் உள்ளே போக முடியாது. சிலையின் கண் மட்டத்தில் சுவரில் இரண்டு துளைகள். மன்னர் அதன் வழியே வெளியே பார்ப்பார். 1924–25 அகழாய்வில் வெளிவந்த மூலச்சிலை கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இன்று துளை வழியே தெரிவது நகல். இப்படி ஒரே திசையை நோக்கி என்றென்றைக்கும் அமர்ந்திருக்க வேண்டிய உருவத்துக்கு உடலை வளைத்துத் திருப்புவதால் ஒரு பயனும் இல்லை.

இடது கால் மட்டும் முன்னால் இருப்பது ஏன்? நடக்கிறாரா?

நடையின் அடையாளம் அது. உண்மையான நடை இல்லை. இரண்டு பாதமும் தரையில் முழுமையாகப் பதிந்திருக்கும், இடுப்பு சாயாது, உடல் எடை எந்தக் காலிலும் விழாது. பக்கவாட்டில் நின்று அளந்தால் முன்வைத்த கால் மற்றதைவிட நீளமாக இருப்பது தெரியும். இடுப்பை நேராக வைத்துக்கொண்டே காலை முன்னே கொண்டுபோனால் அப்படித்தான் ஆகும்.

மூடிய கைக்குள் இருக்கும் உருளை என்ன?

துணிச்சுருள் என்பார் உண்டு, கோலின் துண்டு என்பார் உண்டு. செய்முறைக் கோணத்தில் பார்த்தால், மூடிய கைக்குள் குடைந்து வெற்றிடம் உண்டாக்குவதைவிடக் கல்லை அங்கேயே விட்டு அதற்கு வடிவம் கொடுப்பது எளிது, உறுதியும் கூட.

எந்தெந்தக் கற்களைப் பயன்படுத்தினார்கள்? எல்லாம் 'கருங்கல்' தானா?

இல்லை. பழைய நூல்களிலும் சில அருங்காட்சியகப் பலகைகளிலும் 'கருப்பு கிரானைட்', 'டயோரைட்', 'பசால்ட்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடுவார்கள். கல்லின் பெயர் பிழைத்தால் அது வெட்டப்பட்ட இடமும் பிழைத்துவிடும். அந்த இடம்தான் மன்னரின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்குச் சான்று.

சுண்ணாம்புக்கல்லில் உயர்ந்த ரகம் மெம்பிஸுக்கு எதிர்க்கரையில் உள்ள துராவில் கிடைத்தது. செப்பு உளிக்கே மசியும்; ஆனால் உப்பேறினால் மேற்பரப்பு உதிரும். மணற்கல்லின் பெரிய சுரங்கம் கெபெல் எல்-சில்சிலா. சிவப்பு கிரானைட்டும், கருப்பாகத் தெரியும் கிரானோடயோரைட்டும் அஸ்வானில், கெய்ரோவிலிருந்து ஆற்றுவழியே தெற்கே சுமார் 900 கி.மீ. தொலைவில் கிடைத்தன. பச்சை கலந்த சாம்பல் நிறக் கிரேவாக் கிழக்குப் பாலைவனத்தின் வாதி ஹம்மாமாத்திலிருந்து வந்தது. துகள் மிக நுண்மையானது என்பதால் இமை விளிம்பு, உதட்டுக்கோடு போன்றவற்றை இதில் கூர்மையாக எடுக்கலாம். எங்கள் கணக்கில் எகிப்தியர் கையில் பட்ட கற்களிலேயே முகத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. லக்சர் அருங்காட்சியகத்தில் உள்ள மூன்றாம் துத்மோஸின் கிரேவாக் சிலையை ஒரு முறை நேரில் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

குவார்ட்சைட் என்று இத்துறையில் சொல்வது, சிலிக்காவால் இறுகிப்போன மணற்கல். கெய்ரோவுக்கு அருகில் கெபெல் அஹ்மரில், அதாவது 'செம்மலை'யில் கிடைத்தது. தேன் நிறம், செந்நிறம். சூரிய வழிபாட்டு நகரான ஹீலியோபொலிஸுக்குப் பக்கம் என்பதால் சூரியனோடு சேர்த்தே எண்ணப்பட்ட கல். செதுக்குபவருக்கு இதுதான் மிகக் கொடிய கல்: துகள் ஒவ்வொன்றும் குவார்ட்ஸ்.

இன்னொன்று தனியாகச் சொல்ல வேண்டியது. கிசாவில் கண்டெடுத்த காஃப்ரே மன்னரின் அமர்ந்த சிலை (168 செ.மீ.) நீண்ட காலம் 'டயோரைட்' என்று எழுதப்பட்டது. உண்மையில் அது அனார்த்தசைட் நைஸ் வகைக் கல். அதன் சுரங்கம் அபு சிம்பெலுக்கு வடமேற்கே சுமார் 65 கி.மீ. தொலைவில், நூபியப் பாலைவனத்துக்குள் இருக்கிறது. ஆற்றங்கரையில்கூட இல்லாத அந்தக் கல்லுக்காக ஆள் அனுப்பியதற்கு ஒரு காரணமாக, வெயிலில் அது காட்டும் மெல்லிய நீலச்சாயலைச் சொல்கிறார்கள். செயற்கை விளக்கொளியில் அது சரியாகத் தெரியாது.

இரும்பு இல்லாமல் கிரானைட்டை எப்படிச் செதுக்க முடிந்தது?

கி.மு. முதல் ஆயிரத்தின் நடுப்பகுதி வரை எகிப்தில் இரும்புக் கருவி பரவலாக இல்லை. செப்பு உளியைக் கிரானைட்டில் அடித்தால் உளிதான் மழுங்கும். அதனால் கடினக் கல்லை 'வெட்டவில்லை', நசுக்கினார்கள், தேய்த்தார்கள்.

முதல் வேலை குத்துக்கல்லுக்கு. டாலரைட் என்ற கனமான, எளிதில் பிளக்காத கல்லை உருண்டையாகக் கையில் பிடித்துப் பரப்பின்மீது திரும்பத் திரும்பக் குத்துவது. கிரானைட்டின் மேல்துகள் பொடியாகி உதிரும். 1922இல் அஸ்வானின் முடிவுறாத ஒபிலிஸ்கை (ஒற்றைக்கல் ஊசித்தூண்) ஆய்வு செய்த ரெஜினால்ட் எங்கல்பாக் தாமே குத்திப் பார்த்தார். சுமார் ஓர் அடிச் சதுரத்தில் ஒரு மணி நேரம் குத்தியதில் பரப்பு ஏறக்குறைய 5 மி.மீ. இறங்கியது. மெதுவான வேலைதான், ஆனால் நடக்காத வேலை இல்லை. நூறு பேர் வரிசையாக உட்கார்ந்தால் கணக்கே மாறிவிடும்.

இரண்டாவது, மணல். செப்பு ரம்பத்துக்குப் பல் கிடையாது, வெறும் தகடு. கீறலில் குவார்ட்ஸ் மணலைப் போட்டு இழுத்தால், மணல்தான் அறுக்கும். செம்பு மணலைப் பிடித்துக்கொள்வதோடு சரி. குழாய்த் துரப்பணமும் அதே கொள்கை: உள்ளீடற்ற செப்புக் குழாயை வில்லால் சுழற்றி, மணல் போட்டு இறக்குவார்கள். நடுவில் நிற்கும் தண்டை ஒடித்து எடுத்தால் துளை தயார். துளையின் உட்சுவரில் வட்டக் கோடுகள் தெரியும். சிலையின் கால்களுக்கிடையே, கைக்கும் இடுப்புக்கும் நடுவே இந்த அரைவட்டத் தடம் முழுதாக அழியாமல் இருப்பதைப் பல சிலைகளில் பார்க்கலாம். இம்முறையில் செம்பு வேகமாகத் தேயும். கல்லோடு சேர்த்து உலோகத்தையும் தின்னும் வேலை இது. அரசரால் மட்டுமே தாங்க முடிந்த செலவு.

எழுத்துகளைப் பொறிக்கவும் நுண்ணிய கோடுகளுக்கும் சிக்கிமுக்கிக் கல் கருவிகள் உதவின. இவற்றையெல்லாம் டெனிஸ் ஸ்டாக்ஸ் என்ற ஆய்வாளர் அதே பொருள்களால் செய்து காட்டியிருக்கிறார். வேற்றுகிரகவாசிகளை அழைக்க வேண்டிய தேவை எங்கும் எழவில்லை.

படிப்படியாக ஒரு சிலை எப்படி உருவாகிறது?

இதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. கிசாவில் மென்கௌரே மன்னரின் பள்ளத்தாக்குக் கோயிலை ஜார்ஜ் ரைஸ்னர் தோண்டியபோது, பாதியில் நின்றுபோன சிறு சிலைகள் கிடைத்தன. மன்னர் இறந்ததும் வேலை நின்றிருக்கிறது. அவற்றை வரிசையாக வைத்து 8 நிலைகளாக அவர் பிரித்தார்.

முதலில் செவ்வகக் கல். அதன் பக்கங்களில் சிவப்புச் சாயத்தால் உருவத்தின் வெளிக்கோட்டை வரைவார்கள்: முன்னால் முன்தோற்றம், பக்கத்தில் பக்கத்தோற்றம். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் நேர் உள்நோக்கிக் குத்திக்கொண்டே போனால், நான்கு திசை வேலையும் சந்திக்கும் இடத்தில் உருவம் கட்டம் கட்டமாக வெளிவரும். பிறகு மூலைகளை மழிப்பது.

இங்கேதான் வழக்கமான சிக்கல் வரும். ஒவ்வொரு அடுக்கை நீக்கும்போதும் வரைந்த கோடும் சேர்ந்து போய்விடும். அதனால் நடு அச்சுக்கோட்டையும் முழங்கால், தோள் போன்ற மட்டக் கோடுகளையும் மறுபடி மறுபடி வரைய வேண்டும். முடியாத சிலைகளில் இந்தச் சிவப்புக் கோடுகள் இன்றும் இருக்கின்றன. ஒரு சுற்றில் கோடு விரல் அகலம் நகர்ந்தாலும் முகம் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். எடுத்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், எப்போதும் தேவைக்கு மேல் கொஞ்சம் கல்லை விட்டே வேலை நடந்தது. முதலில் தலை தெளிவாகும்; பாதமும் பீடமும் கடைசி.

அதன் பிறகு மணலும் தேய்ப்புக்கல்லும். கரடான மணலில் தொடங்கி நுண்மணல்வரை போவார்கள். போஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள மென்கௌரேயும் அரசியும் சேர்ந்து நிற்கும் கிரேவாக் சிலையில் (142 செ.மீ., 1910இல் கிடைத்தது) மேல்பகுதி வழவழப்பாகவும், கீழே அரசியின் கால்பகுதியும் பீடமும் சொரசொரப்பாகவும் இருக்கின்றன. அந்தக் கடைசித் தேய்ப்பு நடக்கவில்லை, பெயரும் பொறிக்கப்படவில்லை. விளைவு, மன்னரை அதே கோயிலின் மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டு அடையாளம் சொல்ல முடிகிறது. அந்தப் பெண் மனைவியா, தாயா, ஹாத்தோர் தேவியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

18 கட்ட அளவு என்கிறார்களே, அது என்ன?

நிற்கும் உருவத்தை உள்ளங்காலிலிருந்து முன்நெற்றி மயிர்க்கோடு வரை 18 சதுரங்களாகப் பிரிப்பது. ஒரு சதுரம் ஏறக்குறைய மூடிய கையின் அகலம். முழங்கால் 6ஆவது கோட்டில், பிட்டத்தின் கீழ்விளிம்பு 9இல், முழங்கை 12இல், தோள் 16இல் வரும். அமர்ந்த உருவத்துக்கு 14. கிரீடம் கணக்கில் சேராது. சிலைக்குச் சிலை கிரீடம் மாறுவதால் அதைச் சேர்த்து அளந்தால் எல்லாம் குழம்பும். புதிதாக அளப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்.

உள்ளங்கால் முதல் மயிர்க்கோடு வரை 180 செ.மீ. உள்ள சிலை என்றால் ஒரு கட்டம் 10 செ.மீ.; முழங்கால் 60 செ.மீ. உயரத்திலும் தோள் 160 செ.மீ. உயரத்திலும் இருக்க வேண்டும். கீழிருந்து எடுத்த புகைப்படத்தில் அளக்காதீர்கள், கால்கள் நீண்டு தெரியும்.

கிசா பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்தில் சில வழிகாட்டிக் கோடுகள் மட்டுமே. முழுக் கட்டமாக அது வளர்ந்தது, எகிப்து வரலாற்றின் அடுத்த பெருங்கட்டமான மத்திய அரசுக் காலத்தில். மன்னர் அகநாத்தன் (கி.மு. 14ஆம் நூற்றாண்டு) காலத்து உருவங்கள் 20 கட்டத்தில் அமைந்ததாக கே ராபின்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். 26ஆம் வம்சத்தில் மேல் இமை வரை 21 கட்டம் என்று மாறியது. இவற்றுக்கான சான்று பெரும்பாலும் சுவரோவியங்களிலும் புடைப்புச் சிற்பங்களிலும் மிஞ்சிய கோடுகள்; முழுச்சிலைகளில் சிறு விலகல்கள் இயல்பு.

இவ்வளவு எடையை எப்படி நகர்த்தினார்கள்?

பெரும்பகுதி தூரம் நைல் பார்த்துக்கொண்டது. நிலத்தில் மரச்சறுக்கு வண்டி. தெய்ர் எல்-பெர்ஷாவில் ஜெஹுதிஹோத்தெப் என்ற ஆளுநரின் கல்லறையில் (12ஆம் வம்சம்) இதன் ஓவியம் இருந்தது: ஹத்நூப் சுரங்கத்து வெண்கல்லில் (அலபாஸ்டர்) செய்த, 13 முழ உயரமுள்ள, அதாவது ஏறக்குறைய 6.8 மீட்டர் சிலை. எடை 58 டன் அளவில் மதிப்பிடப்படுகிறது. நான்கு வரிசையில் 172 பேர் இழுக்கிறார்கள். சறுக்கு வண்டியின் முன்முனையில் நிற்கும் ஒருவர் தரையில் நீர் ஊற்றுகிறார்.

அந்த நீரைச் சடங்கு என்றே பலர் எழுதினார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்ததில், சரியான அளவு நனைந்த மணலில் இழுவிசை பாதியாகக் குறைந்தது. உலர்ந்த மணல் வண்டியின் முன்னே குவிந்து தடுக்கும். நீர் அதிகமானால் மணல் சேறாகி மறுபடி இழுவை ஏறும். ஆக, ஊற்றும் அளவு தெரிந்த ஆள் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

ஒப்பிட்டுக்கொள்ள: கெய்ரோ ரயில் நிலையச் சதுக்கத்தில் நின்ற 83 டன், 11 மீட்டர் ராம்சேஸ் சிலையை 2006இல் கனரக வாகனங்களில் கிசாவுக்குக் கொண்டுபோனார்கள். அது இப்போது பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தின் நுழைவு மண்டபத்தில் நிற்கிறது.

சிலைகளுக்கு வண்ணம் உண்டா?

உண்டு. சுண்ணாம்புக்கல், மணற்கல் சிலைகள் முழுக்கவே வண்ணம் தீட்டப்பட்டன. தெய்ர் எல்-பஹ்ரியில் ஹோவர்ட் கார்ட்டர் 1900இல் கண்டெடுத்த இரண்டாம் மென்டுஹோத்தெப்பின் மணற்கல் சிலை துணி சுற்றி நிலத்தடி அறையில் கிடந்ததால் வண்ணம் அப்படியே இருக்கிறது: கருப்பு உடல், வெள்ளை விழா அங்கி, சிவப்புக் கிரீடம். கருப்பு அவர் தோல் நிறம் அல்ல. இறந்தோர் உலகின் தெய்வமான ஒசிரிஸின், மறுபிறப்பின் நிறம். கடினக் கற்களில் கண், உதடு, கிரீடம், அணிகள் என்று சில பகுதிகளுக்கு மட்டும் வண்ணமோ பொன்தகடோ பூசிய தடயங்கள் கிடைக்கின்றன. மென்கௌரே இணைச்சிலையில்கூட மன்னர் முகத்தில் சிவப்பு, அரசியின் கூந்தலில் கருப்பு மிச்சம் தெரிந்தது.

எந்த மன்னர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரைத் தேடுங்கள். அரசப் பெயர் கார்ட்டூஷ் என்ற நீள்வட்டச் சட்டத்துக்குள் இருக்கும். வழக்கமான இடங்கள்: இடைவாரின் முகப்பு, தோள் அல்லது மார்பு, சிம்மாசனத்தில் காலுக்கு இருபுறமும், பீடத்தின் மேற்பரப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக முதுகுத் தூண், அதாவது சிலையின் முதுகோடு ஒட்டி விட்ட கல்பட்டை.

இரண்டு கார்ட்டூஷ் இருந்தால், முடிசூட்டுப் பெயர் இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பெயரை நம்பினால் ஏமாறுவோம்: ராம்சேஸ்கள் 11 பேர், துத்மோஸ்கள் 4 பேர், அமென்ஹோத்தெப்கள் 4 பேர். 'உசெர்மாத்ரே செத்தெபென்ரே' என்று முடிசூட்டுப் பெயரும் 'ராம்சேஸ்' என்று பிறப்புப் பெயரும் சேர்ந்து நின்றால் அது இரண்டாம் ராம்சேஸ்.

2017 மார்ச்சில் கெய்ரோவின் மத்தாரியாவில் நிலத்தடி நீருக்குள்ளிருந்து பெரிய குவார்ட்சைட் சிலையொன்றின் பாகங்கள் எடுக்கப்பட்டன. இடத்தையும் அளவையும் வைத்து 'இரண்டாம் ராம்சேஸ்' என்று செய்தி உலகம் சுற்றியது. சில நாளில் முதுகுத் தூணில் 'நெபா' என்ற பெயரைப் படித்தார்கள். அது அவருக்கு 600 ஆண்டுக்குப் பிந்திய முதலாம் சாம்திக்கின் பெயர்களில் ஒன்று.

பெயர் இல்லாவிட்டால் சிறு குறிப்புகள் உதவும். நேரான தாடி ஆளும் மன்னருக்கு. நுனி வளைந்த தாடி ஒசிரிஸ் வடிவ உருவத்துக்கு. குத்திய காதுமடலும் கழுத்தில் இரட்டை மடிப்பும் சேர்ந்து வந்தால் அமர்னா காலமோ (அகநாத்தன் அமர்னாவிலிருந்து ஆண்ட காலம்) அதற்குப் பிந்தியதோ என்று முதல் ஊகம் செய்யலாம். இவை ஊகம் மட்டுமே.

முகம் அந்த மன்னரைப் போலவே இருக்குமா?

ஒரே மன்னரின் சிலைகளுக்குள் ஒரு சாயல் ஒற்றுமை இருக்கும். அது அரசுப் பட்டறை ஏற்றுக்கொண்ட முகம்; கண்ணாடியில் தெரிந்த முகமா என்பது வேறு விஷயம். மூன்றாம் செனுஸ்ரெத் (கி.மு. 19ஆம் நூற்றாண்டு) இதற்கு நல்ல பாடம். கனத்த இமை, கண்ணுக்குக் கீழ் பை, வாயோரம் இறங்கிய கோடு, மிகப் பெரிய காது. 'கவலை தோய்ந்த மன்னர்' என்று எத்தனையோ பக்கம் எழுதிவிட்டார்கள். ஆனால் கழுத்துக்குக் கீழே பாருங்கள்: இளைஞனின் இறுகிய உடல். வயதான தலையையும் வாலிப உடலையும் தெரிந்தே ஒட்டியிருக்கிறார்கள். உறங்காமல் காக்கிறார், எல்லாவற்றையும் கேட்கிறார் என்று சொல்ல வந்த உருவம் அது என்றே நாங்கள் படிக்கிறோம்.

அகநாத்தன் காலத்துச் சிலைகள் ஏன் வேறுபட்டவை?

கர்னாக்கின் கிழக்கே 1925 முதல் கிடைத்த அவருடைய மணற்கல் பெருஞ்சிலைகளில் நீண்ட முகம், தடித்த உதடு, பருத்த இடுப்பு. நோய் என்று விளக்குவது எளிது; அரசவையினரையும் அதே சாயலில் செதுக்கியிருப்பது அந்த விளக்கத்துக்கு ஒத்துவரவில்லை. சமயக் கருத்தே காரணம் என்பது வலுவான தரப்பு.

செய்முறையிலும் ஒரு மாற்றம் வந்தது. தலை ஒரு கல்லில், உடல் வேறு கல்லில் செய்து, கழுத்தடி முளையைக் குழியில் பொருத்தும் கூட்டுச்சிலைகள் அமர்னாவில் அதிகம். துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் முளையோடு கூடிய குவார்ட்சைட் தலைகள் கிடைத்தன. 1912 டிசம்பர் 6 அன்று அதே இடத்தில்தான் லுட்விக் போர்ச்சார்ட் குழு நெஃபெர்தித்தியின் மார்பளவுச் சிலையைக் கண்டெடுத்தது. சுமார் 50 செ.மீ. உயரம், 20 கிலோ எடை. வெளியே தெரியும் வழவழப்பு முழுக்கக் கல் அல்ல. சுண்ணாம்புக்கல் உட்கருவின்மேல் ஜிப்சச் சாந்து பூசி வடிவம் திருத்தியிருக்கிறார்கள். சிடி ஸ்கேனில் உள்ளே ஒரு கல்முகம் தனியாகத் தெரிகிறது.

சிற்பிகளின் பெயர் தெரியுமா?

சிலரது தெரியும். சிலையில் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. 11ஆம் வம்சத்தின் இர்த்திசென் என்ற கைவினைத் தலைவரின் கல்வெட்டு லூவரில் இருக்கிறது. ஆண், பெண் உருவங்களின் நடையும் நிலையும் தமக்குத் தெரியும் என்று அதில் பெருமையோடு சொல்கிறார். சிற்பியைக் குறித்த சொற்களில் ஒன்று 'சான்க்', அதாவது உயிர்ப்பிப்பவர். செதுக்கி முடித்த சிலைக்கு 'வாய் திறப்பு' சடங்கு நடந்த பிறகுதான் அது மூச்சு விடும், உண்ணும்.

ஒரு மன்னரின் சிலையில் இன்னொருவர் பெயர் இருப்பது திருட்டா?

'அபகரிப்பு' என்பது ஆய்வுலகச் சொல். எகிப்தியக் கண்ணில், பெயர் யாருடையதோ சிலை அவருடையது. மெதினெத் ஹாபு அருகே கிடைத்த இரண்டு குவார்ட்சைட் பெருஞ்சிலைகள் துத்தன்காமன் சாயலில் செதுக்கப்பட்டவை. அவற்றை அவருக்குப் பின் வந்த மன்னர் ஆய் எடுத்துக்கொண்டார். பிறகு ஹோரெம்ஹெப் தம் பெயரைப் பொறித்தார். முகத்தை யாரும் தொடவில்லை. இன்று ஒன்று கெய்ரோவிலும் மற்றது சிகாகோவிலும் இருக்கின்றன.

இரண்டாம் ராம்சேஸின் ஆட்கள் இன்னும் ஒரு படி போனார்கள். மூன்றாம் அமென்ஹோத்தெப்பின் சிலைகள் சிலவற்றில் உதட்டைச் சிறிதாக்கி, வயிற்றை மெலிதாக்கி, கண்ணைத் திருத்தினார்கள். கண்டறியும் வழி: கார்ட்டூஷ் இருக்கும் இடம் மட்டும் சுற்றுப்பரப்பைவிடப் பள்ளமாக இருக்கும், பழைய எழுத்தின் அடிக்கோடு புதிய எழுத்தின் கீழே எட்டிப்பார்க்கும், மெருகு ஏறிய பரப்பின் நடுவே மெருகில்லாத திட்டு தெரியும், முகம் குறைந்திருக்க, காது பழைய அளவிலேயே நிற்கும். பக்கவாட்டிலிருந்து தாழ்ந்த ஒளி விழுந்தால் இவை கண்ணுக்குப் புலப்படும். நேர் ஒளியில் தெரியாது.

மூக்குகளை யார் உடைத்தார்கள்?

ஒரே ஆள் இல்லை. கவிழ்ந்து விழும் சிலையில் முதலில் தரையில் படுவது மூக்கும் தாடியும் கையும்தான். அது இயற்கைச் சேதம். ஆனால் உடலெல்லாம் முழுதாக இருக்க மூக்கு மட்டும் உளித்தடத்தோடு போயிருந்தால், அது மூச்சை நிறுத்தும் நோக்கில் செய்தது. கிசா ஸ்பிங்ஸின் மூக்கை நெப்போலியன் படை சுட்டது என்பது கதை. 1737இல் எகிப்து வந்த டென்மார்க் நாட்டவர் நோர்டன் வரைந்த படத்திலேயே மூக்கு இல்லை. நெப்போலியன் பிறந்ததே 1769இல்.

பெண் மன்னர் ஹட்செப்சுத்தின் சிலைகள் வேறு வகை. மூன்றாம் துத்மோஸ் ஆட்சியில் அவை தெய்ர் எல்-பஹ்ரி கோயிலிலிருந்து அகற்றப்பட்டு, பக்கத்துக் குழிகளில் கொட்டப்பட்டன. 1920களில் ஹெர்பர்ட் வின்லாக் தலைமையில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகக் குழு துண்டுகளை எடுத்து ஒட்டியது. பழிவாங்கல் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. பல சிலைகள் கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று குறிப்பிட்ட இடங்களில் உடைந்திருப்பதால், அது சிலையின் ஆற்றலை அடக்கும் வழக்கமான முறை என்று 2025இல் வெளியான ஆய்வு வாதிடுகிறது. பொது இடங்களில் அவர் பெயர் அழிக்கப்பட்டது வேறு, அது அரசியல்தான்.

மெம்னன் சிலை உண்மையிலேயே பாடியதா?

லக்சரின் மேற்குக்கரையில் மூன்றாம் அமென்ஹோத்தெப்பின் கோயில் வாசலில் நின்ற இரண்டு குவார்ட்சைட் சிலைகள் அவை, சுமார் 18 மீட்டர் உயரம். கி.மு. 27 நிலநடுக்கத்தில் வடக்குச் சிலையின் மேல்பாதி விழுந்தது. அதன் பிறகு விடியற்காலையில் அது ஒலி எழுப்பியதாகக் கிரேக்க, ரோமப் பயணிகள் காலில் கல்வெட்டே பொறித்து வைத்தார்கள். விரிசலுக்குள் இரவில் தங்கிய ஈரம் வெயிலில் சூடேறி வெளியேறியதே காரணம் என்பது பொதுவான விளக்கம். பேரரசர் செப்டிமியஸ் செவேரஸ் காலத்தில் உடைந்த பகுதியைக் கல் அடுக்கிச் செப்பனிட்டார்கள். பாட்டு நின்றது.

விற்பனைக்கு வரும் அரச சிலைத் துண்டு உண்மையா என்று எப்படி அறிவது?

கல்லின் வயதை அளந்து பயனில்லை. போலியும் பழங்கல்லில்தான் செய்யப்படும். செதுக்கிய நாளைக் கார்பன் சோதனை சொல்லாது. உருப்பெருக்கியில் கருவித்தடத்தைப் பார்க்க வேண்டும்: மின்சுழற்கருவி விடும் ஒழுங்கான இணைகோடுகள், உடைந்த விளிம்பிலும் உள்பள்ளத்திலும் ஒரே மாதிரியான 'பழமை'ப் பூச்சு இரண்டும் கெட்ட அறிகுறி. அடுத்தது எழுத்து.

பிரிட்டனின் போல்ட்டன் அருங்காட்சியகம் 2003இல் 'அமர்னா இளவரசி' என்ற வெண்கல் சிலையைச் சுமார் 4,40,000 பவுண்டுக்கு வாங்கியது. அமர்னா சிலைகளில் தலையும் கையும் இல்லாத துண்டுகள் சகஜம் என்பதால், அவை இல்லாதது சந்தேகம் எழுப்பவில்லை. பெயர் பொறிப்பும் இல்லை. ஆனால் அது போலி. செய்தவர் பிடிபட்டது வேறு வழியில்: அவர் செய்த அசீரியப் புடைப்புச் சிற்பத்தின் ஆப்பெழுத்தில் எழுத்துப்பிழை இருந்தது.

சட்டமும் உண்டு. 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி எகிப்திலிருந்து தொல்பொருள் வணிகம் முற்றாகத் தடை. அதற்கு முன்பே வெளியேறியது என்பதற்கான ஆவணம் இல்லாத துண்டு, உண்மையாகவே இருந்தாலும், வாங்கக்கூடாத துண்டு.

உடைந்த பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா?

ஆம். 1930இல் குந்தர் ரோடர் அஷ்முனைனில் இரண்டாம் ராம்சேஸின் அமர்ந்த சிலையின் கீழ்ப்பகுதியைக் கண்டெடுத்தார். 2024இல் எகிப்திய-அமெரிக்கக் குழு அதே ஊரில் 3.8 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் மேல்பகுதியை எடுத்தது. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 7 மீட்டர்.

அருங்காட்சியகத்தில் ஒரு சிலைக்கு 10 நிமிடம்தான் கிடைக்கும் என்றால் எப்படிப் பார்ப்பது?

முகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கல்லின் நிறமும் துகளும். பிறகு பாதமும் பீடமும்: மெருகு முடிந்திருக்கிறதா, காலடியில் எகிப்தின் எதிரிகளைக் குறிக்கும் ஒன்பது வில் இருக்கிறதா. சிம்மாசனத்தின் பக்கத்தில் தாமரையும் பாப்பிரஸும் முடிச்சுப் போட்டிருந்தால் அது மேல், கீழ் எகிப்து இணைந்ததன் அடையாளம். இடைவாரில் பெயர் பாருங்கள். பக்கவாட்டில் நின்று கைக்கும் உடலுக்கும் இடையே துரப்பணத் தடம் தேடுங்கள். அப்படியே பின்னால் போய் முதுகுத் தூணைப் படியுங்கள். காஃப்ரே சிலையில் மட்டும் இந்தச் சுற்று வேறு விதமாக முடியும்: தலைக்குப் பின்னே சிறகு விரித்து அணைக்கும் ஹோரஸ் பருந்து, முன்னால் நேராக நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. சிலையைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால், அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் பின்புறப் படம் இருக்கிறதா என்று போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.